பல்கலைக்கழக வளாகத்தில் காண்ட்ராக்ட் வேலை: விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: "ஒரு பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டல் பெயிண்டிங், வேதியியல் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடி வாட்டர்புரூஃபிங் இரண்டும் எனக்குக் கிடைத்திருக்கின்றன. 12 ஆட்கள். 'வேலையின்போது நிகழும் எந்த விபத்துக்கும் ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு' என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் எல்லாம் என் தலையில்தானா? பல்கலைக்கழகத்துக்குப் பொறுப்பே கிடையாதா? நான் என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?"

பதில்:

அந்த ஷரத்து இல்லாத வளாக ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை. நீக்கச் சொன்னாலும் நீக்க மாட்டார்கள். கையெழுத்துப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அது எதைக் கட்டுப்படுத்தும், எதைக் கட்டுப்படுத்தாது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கடைசியில் பணம் யார் கையிலிருந்து போகும் என்பதைத்தான் அந்த வரி முடிவு செய்யும். அடிபட்டவரை, அவர் குடும்பத்தை, போலீஸை அது கட்டுப்படுத்தாது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்வது இது: தன் வழக்கமான பணியின் ஒரு பகுதியை ஒரு நிறுவனம் காண்ட்ராக்டரை வைத்துச் செய்தால், காண்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும், தந்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஹாஸ்டலுக்குப் பெயிண்ட் அடிப்பது பல்கலைக்கழகத்தின் வழக்கமான பணியா என்று வக்கீல்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். சம்பள விஷயத்தில் அந்தச் சந்தேகமும் இல்லை. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்திய இடங்களில், காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தந்தே ஆக வேண்டும். பில் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வது அவர்கள் பாடு.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதனால் இந்தச் சட்டப் பெயர்கள் மாறியிருக்கின்றன, ஏற்பாடு பெரும்பாலும் அதேதான். கவனிக்க வேண்டிய மாற்றம் ஆள் கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் முன்பு 20 பேருக்கு என்றிருந்தது, புதிய தொகுப்பில் 50 ஆகிவிட்டது. 12 பேர் வைத்திருக்கும் உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அதைச் சொல்லி "எனக்கு எந்தச் சட்டமும் கிடையாது" என்று நினைக்கும் சின்ன காண்ட்ராக்டர்கள் நிறையப் பேர். ஈ.எஸ்.ஐ.க்கு 10 பேர் போதும். இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஒரே ஒரு ஆள் போதும்.

கிரிமினல் பக்கம் இன்னும் நேரடியானது. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் முதலில் ஏறும் பெயர் பெரும்பாலும் காண்ட்ராக்டரும் சைட் சூப்பர்வைசரும்தான். பல்கலைக்கழகப் பொறியாளர் பெயரும் சேரலாம். புதிய பாதுகாப்புத் தொகுப்பில், கடமை தவறியதால் ஆள் இறந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். "முழுப் பொறுப்பு ஒப்பந்ததாரருக்கே" என்ற வரியைக் காட்டி ஜெயிலை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, உங்களாலும் முடியாது, அவர்களாலும் முடியாது.

சட்டம் இருக்கட்டும். நடைமுறையில் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். அந்த இடத்தில் என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியது இடத்துக்காரர். வேலையை எந்த முறையில், யாரை வைத்து, எந்தச் சாமானோடு செய்வது என்று பார்க்க வேண்டியது நீங்கள். நான் கேள்விப்பட்ட வளாக விபத்துகளில் பலவும் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தவை. இடத்துக்காரர் சொல்லவில்லை, வந்தவர் கேட்கவில்லை.

2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985க்குப் பிறகு பயன்படுத்தப்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று, பிப்ரவரியில் பழைய சாமான் ஏலத்தில் போனது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. வாங்கியவர்களுக்கு அது வெறும் கனத்த உலோகம், உடைத்துப் பிரித்தார்கள். ஏப்ரலில் ஆட்கள் ஒவ்வொருவராக மருத்துவமனைக்குப் போனார்கள். ஒருவர் இறந்துபோனார். பழைய சாமான் எடுக்க வந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தால், கையுறை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் மாறியிருக்காது. அங்கே தேவைப்பட்டது ஒரு தகவல். அதை வைத்திருக்க வேண்டியவர்கள் வளாகத்துக்காரர்கள்.

உங்கள் வேலைக்கு வருவோம். வேதியியல் துறை மொட்டைமாடி என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாடியில் ஏறிப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கோ ஆள் உயரத்துக்கோ பி.வி.சி. குழாய்கள் நிற்கும், சிலவற்றின் தலையில் மோட்டார் ஓடும். கீழே லேபில் ஃபியூம் ஹூடில் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) மாணவர்கள் கொதிக்க வைக்கும் அமிலப் புகை, கரைப்பான் ஆவி எல்லாம் வெளியே வருகிற வாய் அதுதான். அதன் பக்கத்தில் உங்கள் ஆள் உட்கார்ந்து, தளத்தைச் சுரண்டி, காலையிலிருந்து மாலை வரை கோட்டிங் அடிக்கப் போகிறார். பொறியியல் பிரிவு ஜே.இ.க்கே (இளநிலைப் பொறியாளர்) சில சமயம் எந்தக் குழாய் எந்த லேபுடையது என்று தெரியாது. ஆகவே ஜே.இ. சொன்னால் போதாது, துறைத் தலைவர் கையெழுத்தோடு "இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை இன்னின்ன ஹூடுகள் ஓடாது" என்று எழுத்தில் வாங்குங்கள். செமஸ்டர் விடுமுறையில் அந்த மாடியை முடித்துவிடுவது இன்னும் நல்லது. ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்கு விடுமுறை கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே மாடியில் சோலார் பேனல் இருக்கும். இன்வெர்ட்டரை ஆஃப் செய்தாலும், வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலிலிருந்து வரும் டி.சி. ஒயரில் மின்சாரம் இருக்கும். சுரண்டும்போது அந்த ஒயரின் மேல் கொத்து உளி பட்டால் அவ்வளவுதான். பொதுவாகவே வளாகத்தில் "மெயினை ஆஃப் பண்ணியாச்சு" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். ஈ.பி. போனால் ஜெனரேட்டர் தானாக எடுக்கும். லேபுக்குத் தனி யூ.பி.எஸ். ஓடும். பழைய கட்டடங்களில் ஒரு அறைக்கு இரண்டு பேனலிலிருந்து சப்ளை வருவதும் உண்டு. ஸ்விட்சை இறக்கி, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பூட்டும் ஒரு தொங்கல் அட்டையும் நூறு இருநூறு ரூபாய் சமாச்சாரம். உங்கள் கிரைண்டர், மிக்ஸருக்கு மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்த தனிப் பெட்டி கொண்டுபோங்கள். ஹாஸ்டல் அறை பிளக்கில் இரண்டு ஒயரைத் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

பெயிண்டிங்கில் ஆளைக் கொல்வது உயரம். மேலே ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பெல்ட் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டப் போகிறார்கள்? சைட்டில் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான், பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. ஜன்னல் கம்பியில் மாட்டுவார்கள், தண்ணீர்க் குழாயில் மாட்டுவார்கள், தான் நிற்கிற சாரத்தின் சவுக்குக் கம்பிலேயே மாட்டுவார்கள். சாரம் சரிந்தால் அவரும் சேர்ந்து சரிவார். மாடியில் தூணையோ பீமையோ சுற்றித் தனிக் கயிறு இறக்கி, அதில் மாட்ட வேண்டும். சாரத்தைத் தாங்கும் கயிறு வேறு, ஆளைத் தாங்கும் கயிறு வேறு. இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, உடல் முழுக்கச் சுற்றும் வகைதான் வேண்டும், ஐ.எஸ். 3521 முத்திரை பார்த்து வாங்குங்கள். பெல்ட்டில் தொங்கிவிட்ட ஆளை அப்படியே விட்டுவிட்டு ஃபயர் சர்வீஸுக்குக் காத்திருக்கவும் கூடாது. அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அவரை எப்படி இறக்குவது என்று முன்பே யோசித்து வையுங்கள்.

ஹாஸ்டல் என்பதால் இன்னொன்று: மலைத்தேனீ. நான்கு மாடி ஹாஸ்டலில் சன்ஷேடுக்கு அடியில் ஒரு கூடாவது இருக்கும், கீழிருந்து பார்த்தால் கறுப்பாக ஒரு திட்டுபோலத்தான் தெரியும். கயிற்றில் தொங்குகிற பெயிண்டர் அதைத் தெரியாமல் தட்டிவிட்டால் ஓட இடம் இல்லை. சாரம் கட்டும் முன் கட்டடத்தை நான்கு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள், மாடியிலிருந்து எட்டியும் பாருங்கள். கூடு இருந்தால் அதை எடுத்துத் தருவது எஸ்டேட் ஆபீஸ் வேலை. எடுத்த பிறகு ஆரம்பிக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.

வொர்க்‌ஷாப் ஷெட் பக்கம் எக்ஸ்ட்ரா வேலை வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் யாரையும் நேரடியாக நடக்க விடாதீர்கள். மேலே பாசி பிடித்த பழைய ஷீட் பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்ததும் உடையும். பலகை போட்டு, கீழே வலை கட்டித்தான் ஏற வேண்டும்.

இப்போது ஒரு தனி எச்சரிக்கை, காரணம் இது எல்லா வளாகத்திலும் நடக்கிறது. நீங்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பீர்கள். வார்டன் வந்து, "மேஸ்திரி, அப்படியே பின்னாடி இருக்கிற செப்டிக் டேங்க் அடைச்சிருக்கு, ஒரு ஆளை இறக்கிக் கொஞ்சம் பாருங்களேன், தனியா கொடுத்துடுறேன்" என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். மறுத்துவிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி, உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். ஜாமீனில் வர முடியாத குற்றம், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இவ்வளவும் எழுதுவது சட்டத்துக்குப் பயந்து அல்ல. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வாடை இல்லையே என்று இறங்குவார்கள், இரண்டு மூச்சில் விழுவார்கள். விழுந்தவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவருக்குப் பின்னால் மாமன் இறங்குவார். செய்தித்தாளில் மூன்று பேர், நான்கு பேர் என்று வருவது அப்படித்தான். அதற்கு வண்டி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. எஸ்டேட் ஆபீஸ் வரவழைக்கட்டும். மேல்நிலைத் தொட்டிக்கு உள்ளே எபாக்ஸி அடிப்பதும் இந்த வகைதான்: கரைப்பான் ஆவி தேங்கும், காற்று குறையும். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. கருவி வைத்து அளக்காமல் மூக்கை நம்பி இறக்காதீர்கள்.

வாய்மொழியாக வரும் எல்லாச் சில்லறை வேலைக்கும் இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். பணி ஆணையில் இல்லாத வேலையில் அடிபட்டால், பல்கலைக்கழகம் "நாங்கள் சொல்லவே இல்லை" என்னும், இன்ஷூரன்ஸ் கம்பெனி "பாலிசியில் இந்த வேலை இல்லை" என்னும். வார்டனுக்கு உங்கள் மேல் அன்பு இருக்கலாம், ஆனால் வாக்குமூலம் கொடுக்கும் நேரத்தில் அது இருக்குமா என்று தெரியாது. "ஜே.இ.யிடமிருந்து ஒரு மெயில் போடச் சொல்லுங்க சார், உடனே செஞ்சுடறேன்" என்றால் போதும். பாதி வேலைகள் அதோடு நின்றுவிடும்.

மாணவர்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. நாடா கட்டினால் குனிந்து வருவார்கள், போர்டு வைத்தால் படிக்காமல் வருவார்கள், காதில் இயர்போன் இருக்கும். தகரத் தடுப்பு வைத்து, வாசலுக்கு மேலே வலை கட்டி, ஒரு ஆளை நிறுத்துங்கள். அவசர வழியில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்காதீர்கள். சுவர் தேய்க்கும் தூசிக்கு ஸ்மோக் டிடெக்டர் கத்தும் என்று அதன் மேல் பாலித்தீன் கட்டினால், மாலை கிளம்பும் முன் அவிழ்ப்பது யார் என்று பெயர் சொல்லி வையுங்கள். 300 பேர் தூங்கும் கட்டடம் அது.

அடுத்து பணம். ஈ.எஸ்.ஐ. பற்றிப் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை: பதிவு எண் வாங்கிவிட்டால் எல்லா ஆளும் அதில் அடங்கிவிடுவார்கள் என்று. மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். ஒரு பெயிண்டருக்கு நாள் கூலி 900 என்று வைத்துக்கொண்டால், 26 நாளைக்கு 23,400. அவர் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே. சித்தாள் உள்ளே, கைதேர்ந்தவர் வெளியே. உயரத்தில் தொங்குவது யார்? அந்தக் கைதேர்ந்தவர்தான். அவருக்கு டபிள்யூ.சி. பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு) எடுத்தே ஆக வேண்டும்.

எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கு. இறப்புக்கு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. பழைய சட்டத்தில் கணக்குக்கு எடுக்கும் ஊதிய வரம்பு 2020 முதல் 15,000. ஆக 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அதன்மேல் பாதி வரை அபராதம். உங்கள் வேலையின் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், பாலிசி பிரீமியம் ஒரு தொகையாகவே தெரியாது. எடுக்கும்போது ஆள் எண்ணிக்கையையும் வேலை வகையையும் உண்மையாகச் சொல்லுங்கள். பிரீமியம் மிச்சம் பிடிக்க 12 பேரை 5 என்று போட்டு, "கட்டடத்துக்குள் பெயிண்டிங்" என்று எழுதினால், வெளிச்சுவரிலிருந்து விழுந்தவருக்கு ஒன்றும் வராது. வேலையை ஒரு மேஸ்திரிக்கு லேபர் ரேட்டில் (கூலிக்கு மட்டும்) விட்டிருந்தால் அவர் ஆட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் உங்கள் மேல் வைத்த ஷரத்தை நீங்கள் மேஸ்திரி மேல் வைத்தாலும், 12ஆவது பிரிவில் அவருக்கு மேலே நிற்பது நீங்கள்தான். அந்த ஆட்கள் செய்வது உங்கள் தொழிலையே என்பதால் மேலே சொன்ன வக்கீல் வாதம்கூட இங்கே எடுபடாது.

விபத்து நடந்துவிட்டால்? 108. வளாக ஹெல்த் சென்டர் பக்கத்தில் இருந்தால் முதலுதவிக்கு மட்டும். மருத்துவமனையில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லாதீர்கள், சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். ஏ.ஆர். எண்ட்ரியில் (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) அதுதான் ஏறும், பிறகு ஈ.எஸ்.ஐ.யும் இன்ஷூரன்ஸும் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலையில் என்று உள்ளபடி சொல்லி நகல் வாங்குங்கள். சாரத்தைக் கலைக்காமல் போட்டோ எடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

இறப்பு நேர்ந்தால், ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு மூன்று லட்சம் ரொக்கம் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்குவது இன்னும் நடக்கிறது. அது செல்லாது. இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் கொடுத்தது, முன்பணமாக மூன்று மாத ஊதியம் வரை தவிர, கணக்கிலேயே வராது. குடும்பத்துக்கும் அநியாயம், உங்களுக்கும் இரட்டைச் செலவு.

கழிப்பறை விஷயத்தையும் கேட்டு வாங்குங்கள். துறைக் கட்டடத்துக் கழிப்பறையைச் சித்தாள் பெண்கள் பயன்படுத்தக் கூடாது என்று விரட்டும் வளாகங்கள் இருக்கின்றன. குடிநீர், கழிப்பறை, நிழலான ஓர் இடம் எங்கே என்பது பணி தொடங்கும் முன் கூட்டத்திலேயே பேச வேண்டியது. பெண்களுக்குத் தொல்லை என்றால் வளாகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்களையும் ஊழியராகவே கருதுகிறது. வடமாநில ஆட்கள் இருந்தால், காலையில் ஐந்து நிமிடம் அன்றைய ஆபத்தைப் பேசும்போது அவர்கள் மொழியில் பேச ஒருவர் வேண்டும். தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது கோப்புக்கு மட்டுமே உதவும்.

சரி, அந்த ஷரத்துக்கு என்ன செய்வது? கையெழுத்துப் போடும் அன்றே ஒரு கடிதம் கொடுத்து, வரவு முத்திரை வாங்குங்கள். அதில் நீங்கள் கேட்க வேண்டியவை: ஃபியூம் ஹூட் வெளியேற்றுக் குழாய்கள், சோலார் மற்றும் ஜெனரேட்டர் இணைப்புகள், தரைக்கடியில் போகும் கேபிள் வரைபடம், தேன்கூடு, ஆஸ்பெஸ்டாஸ் உள்ள இடங்கள், லேபில் தொடக் கூடாத பொருட்கள், வேலை தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்திடும் அதிகாரி பெயர், பணி ஆணையில் இல்லாத வேலையைச் சொல்ல யாருக்கு அதிகாரம். "இந்த விவரங்கள் தந்த பிறகு, அவற்றின் அடிப்படையில் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு" என்று முடியுங்கள். பதில் வராமல் போகலாம். நினைவூட்டல் ஒன்று போடுங்கள். நீங்கள் கேட்டதும் அவர்கள் சொல்லாததும் கோப்பில் இருந்தால், பின்னால் ஆணையர் முன்போ கோர்ட்டிலோ அந்த ஷரத்தைத் தனியாகப் படிக்க முடியாது.

மழையில் வேலை தள்ளிப்போய் கால நீட்டிப்பு வாங்குவீர்கள். நீட்டிப்புக் கடிதம் வந்த அன்றே பாலிசி முடியும் தேதியையும் எடுத்துப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு எடுத்த பாலிசி ஐந்தாம் மாதத்தில் சாரம் ஏறுபவருக்கு இல்லை.